ஏழாவது காட்சி

எங்கள் ஊர் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு அரை மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. இரண்டாயிரம் பிறந்த பிறகு வந்த முதல் சில ஆண்டுகள் அவை. நடித்தவர்கள் எல்லோரும் ஆம்பூர்க்காரர்கள். தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள், கூட ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கேபிள் ஆபீசின் முன்னறையில் ஒரே கேமராவை வைத்து எடுப்பார்கள். அக்கம்பக்கத்தார் தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சிரிக்கும் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். எல்லாம் சிறு காட்சிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தம் இருக்காது.

அதற்கு வாராவாரம் நான் விமர்சனம் எழுதினேன். ஊரில் நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்று வந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில் அரைப் பத்தி என்னுடையது. முப்பத்து நான்கு ஆண்டுகள் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் பிரிவில் இருந்தவன் நான். பதனிட்டு முடித்த தோலை மேசையில் விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, உண்ணிக்கடி எத்தனை, கத்திக்கீறல் எத்தனை, சூட்டுத் தழும்பு எத்தனை என்று எண்ணி, முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பது வேலை. நகைச்சுவையையும் அப்படியே பிரித்தேன். காட்சிக்கு எத்தனை நிமிடம், எத்தனை சிரிப்பு, எத்தனை இருமல் என்பதெல்லாம் நோட்டில் ஏறிவிடும்.

வேலைக்காக எண்ணிக்கொண்டிருந்தவன் பிறகு பயத்துக்காக எண்ணத் தொடங்கினேன். என் அண்ணன் தன் கடைசி மூன்று ஆண்டுகளில் பெற்ற பிள்ளைகளைப் பார்த்தே யார் என்று கேட்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அண்ணன் பதினேழு வரைக்கும் வந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே யாரோ கூப்பிட்டதுபோலச் சிரித்தார். அன்றிலிருந்து, எண்ணிக்கை சரியாக இருக்கும்வரை நானும் சரியாக இருக்கிறேன் என்று மனசுக்குள் வைத்துக்கொண்டேன். மாடிப்படிகள், மாத்திரைகள், சர்ச் ஆராதனையில் ஆள் இல்லாத பெஞ்சுகள், கூட்ஸ் ரயிலின் பெட்டிகள். எதை எண்ணி முடித்தாலும் அரை நாளைக்கு நிம்மதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி ஏற்ற இறக்கமானது. நோட்டில் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

முதல் காட்சி. நாட்றம்பள்ளி போகும் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கிவிடுகிறார். டிரைவரே விசில் அடித்து, டிரைவரே வண்டியை எடுக்கிறார். விசில் முதல் தடவை சிரிப்பு, அதற்கப்புறம் தலைவலி. நாலு நிமிடம். இரண்டே நிமிடத்தில் முடித்திருக்கலாம். இரண்டாம் தரம்.

இரண்டாவது. பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா செலக்‌ஷன் பிரிவுக்காரர். பெண்ணை வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்கிறார். பெண்ணாக நடித்த ஆசிரியை எழுந்துபோய் அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பி, "மாமா, இங்க ஒரு கீறல் இருக்கே, உங்கள கழிவுல போட்றலாமா?" என்கிறாள். சீண்டுவது என்னைத்தான் என்று தெரிந்தும் முதல் தரம்.

மூன்றாவது. சென்னையிலிருந்து வந்த விருந்தாளி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாங்க நாத்தம் இது?" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் தேடுகிறார்கள். சாக்கடை, சாம்பார், மாமாவின் செருப்பு எல்லாவற்றையும் மோந்து பார்க்கிறார்கள். தோல் வாசனை மட்டும் ஒருவருக்கும் எட்டவில்லை. நான்கு நாள் கழித்து விருந்தாளி, "இப்ப ஒண்ணும் இல்லீங்க" என்று மூக்கிலிருந்து கையை எடுக்கிறார். வீட்டுக்காரர்கள் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். முதல் தரம். அந்த ஆண்டில் பார்த்ததில் இதுவே சிறந்தது.

நான்காவது. ஆஸ்பத்திரி வரிசையில் கணியம்பாடிக்காரர்கள் இரண்டு பேர் யாருக்கு வியாதி ஜாஸ்தி என்று போட்டி போடுகிறார்கள். ஒருவருக்கு வசனம் மறந்துபோய், சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அது கேமராவில் தெரிந்தது. கழிவு.

ஆறாவது. ஷூ கம்பெனியில் இடது கால் தைப்பவர்களுக்கும் வலது கால் தைப்பவர்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யோசனை நல்லது. முடிவு இல்லை. கேமரா திடீரென்று மேலே போய்க் கூரையைக் காட்டியது. இரண்டாம் தரம், அதுவும் இரக்கப்பட்டு.

ஏழாவது காட்சி எனக்குப் புரியவே இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, காதில் சாக்குக்கட்டி செருகிய ஒரு மேஸ்திரி மேசையில் தோல் எண்ணுகிறார். எங்கள் பிரிவில் ஒன்று என்று சொல்லமாட்டோம். நெல் அளக்கிறவர்களைப்போல முதல் உருப்படிக்கு லாபம் என்போம். அவரும் அப்படியே எண்ணினார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒம்போது, பத்து." பத்தானதும் சாக்குக்கட்டியால் மேசையில் ஒரு கோடு. பின்னால் நின்றவர் ஓசைப்படாமல் ஒரு தோலை எடுத்துக் குவியல்மேல் வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேஸ்திரி மறுபடியும் எண்ணினார். மறுபடியும் சிரிப்பு, முன்னைவிட ஜாஸ்தி. வேலைக்குப் புதிதாக வந்தவர் ஒருவர், "மேஸ்திரி, நடுவுல ஒருத்தரு கொறையறாரே?" என்றார். "எல்லாரும் வந்தாச்சு. நீ போய் டீ சொல்லு" என்றார் மேஸ்திரி. முன்னறையில் இருந்தவர்கள் மூச்சுவாங்கச் சிரித்தார்கள்.

யார் குறைகிறார்? அதைக் காட்சியில் சொல்லவேயில்லை. ஒருவர் ஒழுங்காக எண்ணுகிறார், அவரைச் சுற்றி உட்கார்ந்து இத்தனை பேர் சிரிக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி முதல் தடவை லேசாகச் சிரித்தாள். இரண்டாவது தடவை வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தமோ பாத்திரச் சத்தமோ வரவில்லை. உள்ளே போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

கழிவு என்று எழுதி நோட்டை மூடினேன்.

செவ்வாய்க்கிழமை மாலை ஷிப்ட் முடிந்ததும் அந்த மேஸ்திரியாக நடித்தவர் விமர்சனத்தைப் பத்திரிகைக்கு வாங்கிப்போக வந்தார். நாற்பதை நெருங்கியவர். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் என் மேசையில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர், இன்றும் அதே மேசையில் இருப்பவர். நிகழ்ச்சியில் பாதியை எழுதுவதும் அவரே.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதிட்டேன். கடைசிக் காட்சி கழிவு."

அவர் முகம் வாடியது. "கோச்சிக்கினீங்களா சார்? கிண்டல் பண்ணணும்னு பண்ணல. ஒரு மரியாதைக்குத்தான் பண்ணேன்."

"அது நானா?"

"பின்ன யாரு? கண்ணாடிய நெத்தியில ஏத்தறது வேற யாரு சார்?"

"சரி, நானாவே இருக்கட்டும். அதுல ஜோக் இன்னா? ஒரு ஆளு ஒழுங்கா எண்றான். அதுக்கு எதுக்கு சிரிப்பு?"

அவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். காபி கொண்டுவந்த என் மனைவியிடம், "பாருங்கம்மா, ஒண்ணும் தெரியாத மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு எப்படிக் கேக்கறாரு!" என்றார். அவள் டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். சிரிக்கவில்லை.

அவர் நோட்டை எடுத்து விரலால் தடவிக்கொண்டே படித்தார். பாதியில் விரல் நின்றது.

"அட, வீட்லயும் இப்டித்தானா! எழுதும்போதுகூட அஞ்சு போட மாட்டீங்களா சார்? நாங்க எடுத்ததே ஆறு காட்சி. நீங்க ஏழுல முடிச்சிருக்கீங்க."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். 1, 2, 3, 4, 6, 7. சரியாக இருந்தது. இன்னொரு தடவை மேலிருந்து கீழே வந்தேன். எங்கும் தடுக்கவில்லை. அவர் 4-க்கும் 6-க்கும் நடுவில் விரலை வைத்து, "இங்க சார்" என்றார். அந்த விரல் இருந்தவரை அங்கே ஓர் இடம் இருப்பது தெரிந்தது. சில தோல்களில் இப்படி ஒரு வடு இருக்கும். ஒரு சாய்வில் மட்டுமே கண்ணுக்குப் படும். அவர் விரலை எடுத்தார். வரிசை மூடிக்கொண்டது.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"நான் வந்து சேந்த அன்னிலேருந்து சார். மொத நாளு எனக்கும் பேஜாராப் போச்சு. சரி, ஒண்ண லாபம்னு சொல்றாமாரி அஞ்சச் சொல்லக் கூடாதுன்னு ஒரு வழக்கம் போலன்னு நெனச்சேன். நீங்க பத்துன்னா அங்க ஒம்போதுதானே இருக்கும்? கீழ இருக்கறவன் ஒண்ணு எடுத்து வெக்கணும். அதான் முறைன்னு வெச்சேன்."

அந்தக் கை எனக்கு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பத்துக்கும் பின்னாலிருந்து நீண்டு ஒரு தோலை வைத்துவிட்டுப் போகும் கை. குவியலைச் சரிசெய்கிறார் என்று நான்கு ஆண்டுகள் நினைத்திருக்கிறேன்.

"வழக்கம் இல்லியா சார்?" என்றார் அவர், சிரிப்பை நிறுத்தி. என் மனைவி அவரைப் பார்த்து, இல்லை என்று தலையை மெல்ல அசைத்தாள். அவர் காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

என் மனைவி முப்பது ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள். "உனக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"மூணு வருஷம் இருக்கும். மாத்திரைப் பட்டையில பத்துக்கு மேல ஒண்ணு இருக்குன்னு கடையில கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தீங்களே, அப்ப."

"கடைக்காரன் வாங்கிக்கினானே."

"நான்தான் வாங்கிக்கச் சொன்னேன். அப்பறம் நானே திருப்பி வாங்கியாந்தேன்."

"இன்னாத்துக்கு எங்கிட்ட சொல்லல?"

"உங்க அண்ணனப் பாத்துட்டு வந்தவருகிட்ட எப்டிங்க சொல்றது? ராத்திரி தூங்குவீங்களா நீங்க?"

எதிரில் உட்கார்ந்து என்னை எண்ணச் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு விரலாக மடக்கி எண்ணினேன். பத்து என்றபோது ஒரு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. இடது கைக் கட்டைவிரல். அதை நான் பார்த்தேன். என்னுடைய விரலாகத் தோன்றவில்லை. யாரோ வந்து கையோரம் நிற்பதுபோல் இருந்தது. மறுபடி எண்ணினேன். அது மறுபடி நின்றது. மூன்றாவது தடவை அவள் என் கையைப் பிடித்து அதை மடக்கிவிட்டாள்.

அன்றைக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் என் மேசைக்கு வந்து சேர்ந்ததிலிருந்து பார்த்தாலே பதினோரு ஆண்டுகளாவது இருக்கும். அண்ணனுக்கு வியாதி வருவதற்கும் முன்பே. காவலுக்கு நான் நிறுத்தி வைத்திருந்த எண்ணிக்கையின் வழியாகவே அது உள்ளே வந்திருக்கிறது. வந்து, சத்தமில்லாமல் எங்களோடு குடியிருந்திருக்கிறது. இந்தக் கணக்கையும் என் மனைவியிடம் காட்டித்தான் உறுதிசெய்தேன். வெள்ளிக்கிழமை வேலூருக்குப் போய் டாக்டரைப் பார்ப்பது என்று அவள் முடிவு செய்தாள். சரி என்றேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போனேன்.

வாசலில் மேஸ்திரியாக நடித்தவர் நின்றிருந்தார். "இப்பவும் மேசையில அப்டித்தான் எண்றீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு மேசையிலயும் சார்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்களுக்கு அப்பறம் வந்தவங்களும் அப்படித்தான். நான் நேத்து சொல்லிப் பாத்தேன், அது ஒண்ணும் வழக்கம் இல்லப்பான்னு. கேக்கமாட்டேன்றாங்க. அஞ்சு சொன்னா சரக்கு திரும்பி வந்துடும்ன்றாங்க. யாரு கெளப்பினாங்கன்னு தெரியல."

செலக்‌ஷன் பிரிவு மாறவில்லை. வடக்குப் பக்கத்து உயரமான ஜன்னல்கள், நிழல் விழாத வெளிச்சம், சுவரோரம் கறுப்பும் பழுப்புமாகக் குவியல்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. வேலையைப் பாருங்கள் என்றேன். நடு மேசையில் இருந்தவர் எண்ண ஆரம்பித்தார். எனக்கு முன்பின் தெரியாதவர். நெற்றியில் கண்ணாடியை ஏற்றியிருந்தார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். இழுத்து, ஒரே சீராக, நான் எண்ணும் அதே ராகத்தில் எண்ணினார். பத்து என்று முடித்தபோது, வாசலிலிருந்து என்னோடு வந்தவரைக் கேட்டேன்.

"இப்ப அஞ்ச உட்டாரா?"

"உட்டாரு சார்."

எனக்குத் தெரியவில்லை. மேசைக்குப் போய், "இன்னிலேருந்து அஞ்சையும் சொல்லுங்க. அது என்னோட தப்பு. முறை இல்ல" என்றேன். மூன்று மேசைகளும் நின்றன. நடு மேசைக்காரர், "சரிங்க சார்" என்று குவியலைப் புரட்டிப்போட்டு முதலிலிருந்து எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. அடுத்த தோல் விழுந்தபோது என் காதில் ஏதோ பிசகியது. வழக்கமான படியில் கால் வைக்கும்போது அங்கே படி இல்லாததுபோல் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. என்னை அறியாமல் கை உயர்ந்துவிட்டது.

"நிறுத்துங்க" என்றேன். "எண்ணிக்கை தப்பு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், என்னோடு வந்தவரைப் பார்த்தார். பிறகு குவியலைக் கலைத்து மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை எல்லாம் சரியாக இருந்தது. பத்தானதும் பின்னாலிருந்து ஒரு கை ஓசையில்லாமல் நீண்டு, ஒரு தோலை எடுத்து வைத்தது.