எங்கள் வீட்டு நம்பர் வன் அல்பம்

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் குணம் யாரிடமிருந்து வந்தது என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது.

எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு ஓக்லாந்துக்கு வந்து, சான்ட்ரிங்ஹாமில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் வகுப்புச் சுவரில் நீளமாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கிழமையும் நியூசிலாந்தில் முதலிடம் பிடித்த இசை அல்பத்தின் பெயரை டீச்சர் பத்திரிகையில் பார்த்து அதில் எழுதுவார். சில அல்பங்கள் ஒரே கிழமையில் காணாமல் போகும். ஒன்று மட்டும் இரண்டு மாதமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஒரு வியாழக்கிழமை, அவரவர் வீட்டு நம்பர் வன் அல்பத்தை நாளைக்குக் கொண்டுவாருங்கள், அதையும் எழுதுவோம் என்றார்.

எங்கள் வீட்டில் ரெக்கோர்ட் பிளேயரும் இல்லை, ரெக்கோர்ட்டும் இல்லை. ஆனாலும் அந்தத் தாளில் எங்கள் வீடு வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரே வெறி. அம்மாவிடம் சொன்னேன். எங்கள் ஊரில் அல்பம் என்றால் படம் ஒட்டுவதுதான். மறுநாள் காலை அம்மா தன் கலியாண அல்பத்தைக் குளியல் துவாயில் சுற்றி என் பையில் வைத்தார்.

"கவனம் பிள்ளை. இது ஒண்டுதான் மிஞ்சினது."

பை கனத்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வகுப்பில் துவாயை அவிழ்த்ததும் ஒரே சிரிப்பு. ஊசியை எங்கே வைப்பது என்று ஒரு பெடியன் கேட்டான். டீச்சர் அன்பாகத்தான் சொன்னார், இது வேறு அல்பம், இதில் பாட்டு இல்லையே என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனையை எடுத்துக்கொண்டு போய், இரண்டு மாதமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெயருக்கு மேலே, கொட்டை எழுத்தில் 'அம்மாவின்ர அல்பம்' என்று தமிழில் எழுதினேன். மன்னிப்புக் கேள் என்றார் டீச்சர். மாட்டேன் என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நின்றேன், கேட்கவில்லை.

பள்ளி விட்டதும் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் டீச்சர் முறையிட்டார். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும்தான் போதும். 'நோ மியூசிக்' என்றது அவருக்கு நன்றாகவே விளங்கிவிட்டது. அல்பத்தை வாங்கிப் புரட்டினார். எங்களுக்குப் பின்னால் வருவார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த இரண்டு மாமாக்களின் படத்தையும் நிற்காமல் தாண்டினார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிற பக்கத்தில் விரலை வைத்தார்.

"மியூசிக்," என்றார்.

பிறகு தவில்காரர்மேல் வைத்தார். "மியூசிக்."

என் எழுத்தை யாரும் அழிக்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த கிழமை வேறொன்று வந்து எங்களைக் கீழே தள்ளிவிடுமே என்று ஒரு கவலை. அதையும் சொன்னேன்.

"எங்கடது மாறாது," என்றார் அம்மா. "புதுப்படம் எடுத்தால்தானே மாறும்."

மாமாக்கள் வந்ததும் எடுக்கலாமே என்றேன். அம்மா நின்று, துவாயை இன்னொருமுறை இறுக்கிச் சுற்றினார். வென்றுவிட்டு வருகிறவருக்கு ஏன் இந்த வாடிய முகம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.