செதில் கேட்டு வந்த பெக்ஸ்

உள்துறைமுக வீதியில் ஒரு ஐஸ் தொழிற்சாலையில் நான் எழுதுவினைஞராக இருந்தேன். உயர்தரத்தில் உயிரியல் படித்து, கொஞ்சப் புள்ளியில் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டு, தட்டச்சுப் பழகிக்கொண்டு வேலைக்கு வந்தவள். இருபத்திரண்டு வயது. ரெலிபோன் எடுப்பது, கடிதம் அடிப்பது, பெக்ஸ் என்னும் தொலைநகல் வந்தால் கிழித்து முதலாளியிடம் கொடுப்பது, இவ்வளவும்தான் என் வேலை.

முதலாளிக்கு வீடு குறிஞ்சாக்கேணியில். அங்கே பாலம் இல்லை. காலையில் 'பாதை' என்று எல்லோரும் சொல்லும் மிதவையில் ஏறித் தண்ணீரைக் கடந்து, பிறகு மோட்டார் சைக்கிளில் ரவுனுக்கு, அதாவது நகரத்துக்கு, வருவார். எல்லோருக்கும் அவர் ஹாஜியார். சண்டை நடந்த வருடங்களில் கடல் பாதி நாள் பூட்டித்தான் கிடந்தது. படகுக்கு அனுமதி, போக நேரம், திரும்ப நேரம் எல்லாம் கடற்படை சொன்னபடி. மீன் இல்லாத இடத்தில் ஐஸ் யாருக்கு வேண்டும்? பிறகு இரண்டு தரப்பும் துவக்கைக் கீழே வைத்த அந்தக் கொஞ்சக் காலம் வந்தது. சந்திக்குச் சந்தி இராணுவச் சென்றி அப்படியே இருந்தாலும், சனங்கள் அதைச் சமாதான காலம் என்றுதான் சொன்னார்கள். படகுகள் ஆழத்துக்குப் போயின. கொழும்புக்கு லொறிகள் ஓடின. எங்கள் இயந்திரங்கள் ஓய்வில்லாமல் இரைந்தன.

அப்படி ஒரு காலையில்தான் அந்தப் பெக்ஸ் வந்தது. கொழும்பில் இருந்து ஏற்றுமதி செய்யும் ஒருவர், காய்ந்த மீன் செதில் மாதம் எவ்வளவு தர முடியும் என்று கேட்டிருந்தார். ஹாஜியார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, மீனை எழுத மறந்துட்டாரா? செதில் எண்டுதான் கிடக்கு."

மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதே ஆளிடமிருந்து முன்பு வந்த பெக்ஸ்களை நான் எறியாமல் ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தேன். முதலாவதில் சுறாவின் குருத்தெலும்பு கேட்டிருந்தார். அடுத்ததில் மீன் தோல். இப்போது செதில். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, தொலைவில் எங்கோ யாரோ மனதை மாற்றிக்கொண்டே வருவது தெரிந்தது. யார், எதற்காக என்று அறிய எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஹாஜியாரைக் கேட்டுக்கொண்டு கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன்.

எடுத்தவர் தமிழ் பேசினார், பொறுமையாகவும் பேசினார். கொலாஜன் என்ற சொல்லை வகுப்புக்கு வெளியே ஒருவர் வாயால் நான் கேட்டது அன்றுதான். தோலையும் எலும்பையும் தசைநாணையும் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. வெளிநாட்டில் அதைத் தூளாக்கி, முழங்கால் நோவுக்கும் தோல் சுருங்காமல் இருக்கவும் குடிக்கிறார்களாம். இதுவரை மாட்டுத் தோலில் இருந்து எடுத்தார்கள். மாட்டுக்கு ஒரு மூளை நோய் வந்து, வாங்குகிறவர்கள் பயந்துவிட்டார்கள். அதனால் எல்லோரும் மீன் பக்கம் திரும்புகிறார்கள். தோலில் கொழுப்பு இருப்பதால் தூளில் மீன் மணம் வருகிறது, அழகுசாதனம் செய்கிறவர்கள் அதை விரும்புவதில்லை. செதிலில் கொழுப்பு இல்லை.

நான் சொன்னதைக் கேட்டு ஹாஜியார் கதிரையில் முன்னுக்கு வந்து இருந்தார். மருந்துக் குளிகையின் கோது மாட்டிலா பன்றியிலா செய்தது என்று தெரியாமல், குளிகையைப் பிரித்துத் தூளை மட்டும் விழுங்குகிறவர் அவர். மீனில் செய்தால் எங்கட ஆக்களும் யோசிக்காமல் வாங்குவினம், உலகம் முழுக்க எவ்வளவு பேர் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் அலுமாரியில் இருந்த என் உயிரியல் கொப்பியை எடுத்தேன். கொலாஜன் பற்றி நானே எழுதிய நாலு வரி அதில் இருந்தது. சோதனைக்காகப் பாடமாக்கிய நாலு வரி. அதைக் கேட்டு ஒருவர் கொழும்பிலிருந்து பெக்ஸ் அனுப்பியிருக்கிறார் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அடுத்த நாள் சைக்கிளில் சல்லிக் கிராமத்துக்குப் போனேன். அங்கே கடற்கரையில் வாடி, அதாவது கருவாடு போடும் கொட்டில், வைத்திருந்த ஒரு அக்கா எங்களிடம் ஐஸ் வாங்குபவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவரின் படகு சண்டையில் அழிந்து போன பிறகு, அவர் கூலிக்குக் கடலுக்குப் போக, இவர் பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து வாடியை நடத்தினார். குரல் அலையை மீறிக் கேட்கும். நான் செதில் என்றதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"செதிலைக் காகமும் தின்னாது. அதை ஆர் பிள்ளை வாங்குறது?"

வெளிநாட்டுப் பெண்கள் தோல் மினுங்குவதற்குத் தூளாக்கிக் குடிக்கிறார்கள் என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அக்கா தன் முழங்கையில் ஒட்டியிருந்த செதில்களைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் எங்களைவிட மினுங்குகிறவர்கள் ஒருவரும் இருக்கக் கூடாதே என்றார். வாடி முழுக்கச் சிரிப்பு. சிரித்தாலும் அன்றைக்கே சேர்க்கத் தொடங்கினார்கள்.

சுத்தம் என்று பெக்ஸில் அழுத்தி எழுதியிருந்ததால், செதிலை நன்றாகக் கொதிக்கவைத்துக் கழுவச் சொன்னேன். உயிரியல் படித்தவள் சொல்கிறாள் என்று அக்காவும் பெரிய பானையில் ஒரு காலை முழுக்க அவித்தார். வெள்ளை வெளேர் என்று வந்தது. நானே பொலித்தீன் பைகளில் கட்டி, பெயர் ஒட்டி, மாதிரி என்று கொழும்புக்கு அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, உள்ளே கொலாஜன் எதிர்பார்த்ததில் மிகக் கொஞ்சமே இருக்கிறது, எடுக்க முடியாது.

எனக்கு முகம் எரிந்தது. ஹாஜியார் தாளை மடித்து என் கோப்புக்குள் வைத்துவிட்டு இயந்திரம் பார்க்கப் போய்விட்டார். அதுதான் கூட வருத்தியது. எங்கள் கடல் மீனில் இல்லாதது வேறு கடல் மீனில் எப்படி இருக்கும்? அக்காவிடம் போய், முன்பு செய்த மாதிரியே ஒரு சிறு பானையில் செய்து, இந்த முறை செதிலோடு அவித்த தண்ணீரையும் எனக்கு அனுப்பச் சொன்னேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. தண்ணீரில் உப்பு இருக்குமோ, அழுக்கு இருக்குமோ என்று பார்க்க நினைத்தேன்.

தண்ணீர் ஒரு பால்மாப் பேணியில் வந்தது. பழுதாகிவிடும் என்று அக்கா அதை மீன் பெட்டிக்குள், ஐஸுக்கு நடுவில் வைத்து எங்கள் வான் வண்டியில் ஏற்றியிருந்தார். நான் மூடியைத் திறந்து ஒரு கோப்பைக்குள் சரித்தேன். விழவில்லை. இன்னும் சரித்தேன். பேணியைத் தட்டினேன். அப்போது உள்ளே இருந்தது முழுதாக வழுக்கிக்கொண்டு வந்து, கோப்பையில் விழுந்து ஜெலி மாதிரி ஆடியது.

நான் அப்படியே நின்றேன். பிறகு ஓடினேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐஸ் கட்டிகள் இறக்கும் ஈரத் தரையில் வழுக்கி, ஹாஜியாரின் அறைக்குள் போய் அவருடைய பில் புத்தகங்களின் மேலேயே வைத்தேன்.

"ஹாஜியார், அவர் கேட்டது இதைத்தான். சூடாக்கினா செதிலை விட்டுத் தண்ணிக்குள்ள வந்திடும். நாங்கள் சாமானை மண்ணில ஊத்திப்போட்டுச் சக்கையை அனுப்பியிருக்கிறம்."

அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். அது நடுங்கி நின்றது. மறுபடி ஒரு தரம் தொட்டுவிட்டு, "அப்ப எங்கட செதிலில இருக்கு" என்றார்.

"இருக்கு."

அவ்வளவுதான் பேசினோம். ஆனால் அந்த நிமிடத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் பரீட்சை முடிவுகளில்கூட அனுபவித்ததில்லை. கொப்பியில் இருந்த நாலு வரி என் முன்னால் ஒரு கோப்பைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

பிழை என்னுடையது என்று அக்காவிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அப்ப சுடுதண்ணி ஏலாது, வேறு என்ன செய்யலாம் என்று உடனே அடுத்ததுக்குப் போய்விட்டார். குளிர்ந்த தண்ணீரில் கழுவலாம். உலகத்தில் எங்களிடம் தாராளமாக இருந்தது குளிர்தான். உடைந்த ஐஸ் கட்டிகளை ஹாஜியார் சும்மா கொடுத்தார். வெயிலில் போடாமல் கிடுகுக் கொட்டிலின் நிழலில், கம்புகளுக்கு மேல் வலை விரித்துக் காயவைத்தோம். பல மீன் செதிலும் கலந்தால் வாங்கமாட்டார்கள் என்றபோது, கலந்த பிறகு பிரிக்க ஏலாது, வெட்டும்போதே பிரிக்கவேணும் என்று அக்கா விளைமீனுக்கு ஒரு பேசின், கொடுவாவுக்கு ஒரு பேசின் என்று பெண்களுக்கு முன்னால் வைத்தார். இது எனக்குத் தோன்றியிராது.

ஒரு பின்னேரம் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்து, காய்ந்த செதில் அவ்வளவும் கிளம்பிவிட்டது. கடற்கரை முழுக்க வெள்ளிப் பூச்சிகள் பறந்த மாதிரி. பன்னிரண்டு பெண்களும் நானும் சேலையையும் பாவாடையையும் விரித்துக்கொண்டு ஓடினோம். பாதிதான் கிடைத்தது. மற்றது மண்ணோடு போயிற்று. அடுத்த நாள் அக்கா தன் வீட்டு நுளம்புவலையைக் கொண்டுவந்து மேலே கட்டினார். வீட்டில் நுளம்பு கடிக்கட்டும், செதில் பறக்கக் கூடாது என்றார்.

இரண்டாவது மாதிரி மூன்று சாக்காக வந்தது. நானும் வானில் போய் ஏற்றி வந்தேன். உப்புவெளிச் சென்றியில் நிற்பாட்டினார்கள். ஒரு சிப்பாய் சாக்கைத் திறந்து கையை விட்டான். கை நிறையச் செதில். இன்னும் ஆழமாக விட்டுப் பார்த்தான், அங்கேயும் செதில். இது எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், பெண்களின் முகத்துக்கு, அழகுக்கு என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. மூத்தவன் ஒருவனைக் கூப்பிட்டான். அவனும் கையை விட்டான். நான் கொழும்புப் பெக்ஸை எடுத்து நீட்டினேன். மூத்தவன் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், பிறகு அடக்கமுடியாமல் சிரித்தான். கிறீம் வந்தால் தன் மனைவிக்கு ஒன்று வேண்டும் என்று சொல்லி எங்களைப் போக விட்டான். வான் அடுத்த வளைவைத் தாண்டியது. பிறகு சாரதியும் நானும் ரவுன் வரும்வரை சிரித்தோம்.

பதில் வந்த அன்று பெக்ஸ் இயந்திரத்தில் தாள் வெளியே வருவதற்கு முன்பே குனிந்து வாசிக்கத் தொடங்கினேன். தரம் நன்று. தொடர்ந்து எடுக்கலாம். ஒவ்வொரு கிழமையும் லொறி வரும். ஹாஜியார் என்னிடம் தாளை வாங்காமல், நீங்களே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள் என்று வானைத் தந்தார். வாடியில் நான் தமிழில் சொல்லச் சொல்ல, அக்கா ஒவ்வொரு வரிக்கும் "ஓம், பிறகு?" என்றார். முடித்த பிறகு இன்னொரு தரம் முதலில் இருந்து வாசிக்கச் சொன்னார். ஒரு பெண் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாள். கையைக் கழுவாமலே எல்லோரும் குடித்தோம்.

அது ஒன்றரை வருடம் நடந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மீன் வெட்டும் பெண்கள் சேர்ந்தார்கள். என் கோப்பு தடித்தது. யார் எந்த மாதம் எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்பதை நிறுத்துகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். குளங்களில் வளர்க்கும் திலாப்பியாச் செதிலைப் பற்றிய கேள்விகள் கூடியபோது, கடல் செதிலைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஹாஜியாரிடம் முன்கூட்டியே சொன்னேன். மூன்று மாதம் கழித்து அப்படியே பெக்ஸ் வந்தது. வியாபாரம் குறையப் போகிற செய்திக்கு ஒருவரும் சந்தோஷப்பட மாட்டார்கள். ஆனாலும், சொன்னது பலித்துவிட்டதே என்று உள்ளுக்குள் துள்ளினேன். ஹாஜியார் அதைக் கண்டுபிடித்துத் தலையை ஆட்டினார்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. கடல் பூட்டியது, மிதவைப் பாதையும் பல நாள் ஓடவில்லை. தொழிற்சாலையில் ஒரு இயந்திரம்தான் ஓடியது. கொழும்பு ஏற்றுமதிக்காரர், தன் பரிசோதனைக் கூடத்தில் ஒரு இடம் இருக்கிறது, வர விருப்பமா என்று கேட்டார். போங்கள் என்று முதலில் சொன்னவர் ஹாஜியார். வெள்ளைக் கோட்டுப் போட்டு, கண்ணாடிக் குழாய்களுக்கு முன்னால் நான் நின்ற முதல் கிழமை, அக்காவின் கடிதம் வந்தது. சல்லியை விட்டு ரவுனில் தங்கையின் வீட்டில் இருப்பதாகவும், எல்லோரும் சுகம் என்றும் இரண்டு வரி. கீழே கொட்டை எழுத்தில், "அங்கை இப்ப என்ன கதை? அடுத்தது என்ன கேக்கப் போறாங்களாம்?"

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் பதில் எழுத இருந்தேன். தொட்டால் உடம்பெல்லாம் கடிக்குமே, வலையில் அகப்பட்டால் எல்லோரும் திட்டித் திட்டிக் கடலில் எறிவார்களே, அந்தக் கண்ணாடிக் குடை மாதிரி மிதக்கும் சொறிமுட்டையில் இருந்தும் கொலாஜன் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள் அக்கா என்று ஆரம்பித்தேன். நாலு பக்கம் எழுதினேன்.