தலைவர் (பொறுப்பு)

சக்கரவர்த்திக்கு வேண்டியது தலைவர் பதவிதான். கிடைத்தது துணைத்தலைவர் பதவி. புதூர்நாட்டுக்கு மேலே மலையில் இருக்கும் அவருடைய ஊராட்சியில், அந்தத் தேர்தலில் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மனைவி அருணாவை நிறுத்தப் பார்த்தார்.

"நீ ஒக்காந்து அதிகாரம் பண்ணுவ, நான் கையெழுத்து மட்டும் போடணுமா? வேற ஆளப் பாரு" என்று அருணா சாமை புடைத்தபடியே சொல்லிவிட்டாள்.

கெங்கம்மாள் நின்று ஜெயித்தார். புருஷனை இழந்தவர். ஒரு மகன், கோகுல்ராஜ், திருப்பத்தூரில் வேலை. கெங்கம்மாள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்றாலும் எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். சக்கரவர்த்தி தன் வார்டில் நின்று மெம்பரானார். தலைவரை ஊர் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும். துணைத்தலைவரை மெம்பர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அப்படி வந்ததுதான் அவருடைய பதவி. காசோலையில் தலைவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும். மற்றபடி பெரிதாக வேலை கிடையாது.

ஒருநாள் கிராமசபைக் கூட்டத்திலேயே கெங்கம்மாள் மயங்கி விழுந்தார். ஜீப்பில் தூக்கிப்போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் கொண்டை ஊசி வளைவைத் தாண்டுவதற்குள் சக்கரவர்த்தி ஊராட்சிச் செயலாளர் தனசேகரன் பக்கத்தில் போய் நின்றார்.

"ஏம்பா தனசேகரா, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். தலைவர் இல்லாமப் போய்ட்டா அப்புறம் இன்னா நடக்கும்?"

தனசேகரன் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "எறந்துட்டாலோ, ராஜினாமா பண்ணாலோதாங்க பதவி காலியாவும். காலியானா, இடைத்தேர்தல் வச்சு வேற ஆள் வர்ற வரைக்கும் துணைத்தலைவர் பொறுப்புல பாக்கணும். ஆஸ்பத்திரில படுத்திருந்தா காலின்னு அர்த்தம் இல்லைங்க."

"அதான், சும்மாதான் கேட்டேன்" என்றார் சக்கரவர்த்தி. அன்றைக்கே அது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பதில் மனசில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஒரு வாரம் போயிருக்கும். கோகுல்ராஜின் போன் அணைந்தே கிடந்தது. அவன் ஒருமுறை பக்கத்துக் கட்டிலில் இருந்த சகுந்தலா என்ற கண்ணமங்கலத்து அம்மாவின் போனிலிருந்து பேசியிருந்தான். சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று சக்கரவர்த்தி அந்த நம்பருக்குப் போட்டார்.

"கெங்கம்மாங்களா? அவங்க காலைலயே போய்ட்டாங்களே" என்றது அந்தக் குரல். உடனே லைன் அறுந்தது.

திரும்பப் போட்டிருக்கலாம். சிக்னல் இருந்தது, கையில் போன் இருந்தது. அவர் போடவில்லை. கண் கலங்கியது உண்மை. மூன்று வருஷம் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தவர்கள். ஆனால் கலங்கின கண்ணோடு பாறையிலிருந்து இறங்கும்போதே, இனி தலைவர் மாலை தனக்குத்தான் என்ற நினைப்பும் கூடவே இறங்கியது.

ஊருக்குள் சொன்னார். பெண்கள் ஓவென்று அழுதார்கள். அவர் அடுத்த ஜீப்பைப் பிடித்துத் திருப்பத்தூர் போய் ஃபிளெக்ஸ் அடிக்கச் சொன்னார். மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் கெங்கம்மாள் படம்.

"கீழ யார் பேர் போடணுங்க?" என்று கேட்டான் கடைக்காரன்.

சக்கரவர்த்தி ஒரு கல்யாண வீட்டில் எடுத்த தன் படத்தைப் போனில் காட்டினார். "சக்கரவர்த்தி, ஊராட்சி மன்றத் தலைவர்னு போடு. பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள, பொறுப்பு."

மறுநாள் காலையில் ஜீப்புகள் திரும்புகிற முனையில், இரண்டு சவுக்குக் கம்புக்கு நடுவே பேனரைக் கட்டினார்கள். சவம் வருமென்று ஊரே அங்கே கூடியிருந்தது. மதியத்துக்கு மேல் ஒரு ஜீப் வந்தது. முன் சீட்டிலிருந்து மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது கெங்கம்மாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒரு ராத்திரி மகன் வீட்டில் தங்கி வந்திருக்கிறார். "போய்ட்டாங்க" என்று அந்தக் கண்ணமங்கலத்து அம்மா சொன்னது அதைத்தான்.

கெங்கம்மாள் பேனருக்கு முன்னால் போய் நின்றார். வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படித்தார், மேலிருந்து கீழ்வரை, சத்தமாக. 'பொறுப்பு' என்று முடித்தபின் திரும்பினார்.

"தம்பி, கோகுலுக்குப் போன் பண்ணியா?"

"அவன் போன் அணைஞ்சே கெடந்துச்சுக்கா. பக்கத்துக் கட்டில் அம்மாதான் போய்ட்டாங்கன்னு..."

"சரி. மறுபடி பண்ணிக் கேட்டியா?"

சக்கரவர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். கெங்கம்மாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. வேறொன்றும் கேட்காமல் வீட்டுக்கு நடந்தார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரிக்க, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சக்கரவர்த்தி தனியாகக் கம்பைப் பிடுங்கினார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

அன்றோடு ஊரில் அவர் பெயர் 'பொறுப்பு' என்று ஆகிவிட்டது. பிள்ளைகள் மறைவிலிருந்து கூப்பிட்டுவிட்டு ஓடின. அருணா திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே போய் நிற்பாள். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும்.

ஊராட்சி அலுவலகத்துப் பக்கமே அவர் போகவில்லை. தனசேகரன் போன் செய்தால் எடுப்பதில்லை. அந்தச் சமயத்தில் மேல்வளவுக் குடியிருப்பில் தண்ணி மோட்டார் எரிந்துபோனது. புதிது வாங்க ஊராட்சிக் கணக்கில் பணம் இருந்தது. காசோலையில் துணைத்தலைவர் கையெழுத்து இல்லை. பெண்கள் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள்.

கடைசியில் கெங்கம்மாளே தடி ஊன்றிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தார். பின்னால் தனசேகரன், கையில் காசோலைப் புத்தகம்.

"உனக்கு வெக்கம்னா வூட்டுலயே கெட, நான் வாணாங்கல. உன் வெக்கத்துக்கு மேல்வளவுக்காரிங்க ஏன் கொடம் தூக்கணும்?"

சக்கரவர்த்தி கையெழுத்துப் போட்டார். அவசரத்தில் எழுத்து கோணியது. வங்கியில் ஒத்துக்கொள்ளமாட்டார்களோ என்று தனசேகரன் இன்னொரு காசோலை எழுத, அதிலும் போட்டார். பேனருக்கு வெட்கப்பட்டதைவிட அன்றைக்கு அதிகமாக வெட்கப்பட்டார். பேனர் அவரோடு போனது. இது ஊருக்குத் தண்ணீர்.

அடுத்த வருஷம் கெங்கம்மாளால் நிஜமாகவே முடியாமல் போயிற்று. ராஜினாமா கொடுத்தார், அதை ஏற்றுக்கொண்டார்கள். தலைவர் பதவி காலியானது.

சக்கரவர்த்தி தனசேகரனிடம் ஓடினார். "எனக்கு வாணாம்பா. நானும் துணைத்தலைவரை வுட்டுர்றேன்."

"அப்ப ரெண்டும் காலியாய்டுங்க. மேலருந்து உத்தரவு வர்ற வரைக்கும் இங்க ஒரு கையெழுத்து நடக்காது. மறுபடியும் மோட்டார் எரிஞ்சா இன்னா பண்றது?"

சக்கரவர்த்தி கெங்கம்மாள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தார்.

"அக்கா, நான் பாக்கட்டுமா?"

"என்னை இன்னாத்துக்குக் கேக்குற? நான் குடுக்குற பதவியா அது? சட்டத்துல இருக்குது, போய்ப் பாரு." தலையணையைச் சரிசெய்துகொண்டு, "உயிரோட இருக்கேன், அதனால இந்த வாட்டி உனக்குக் கேக்கத் தோணிச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சக்கரவர்த்திக்குத் தாங்கவில்லை.

இரண்டாவது கையெழுத்துக்கு ஈஸ்வரி என்ற மெம்பரை நியமித்து மெம்பர்கள் தீர்மானம் போட்டார்கள். இடைத்தேர்தல் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. சில மாதம் என்று நினைத்தது நீண்டுகொண்டே போகிறது. சக்கரவர்த்தி தினமும் காலையில் அலுவலகம் போகிறார். ரேஷன் கடைக்குச் சுவர் கட்டினார். புளியந்தோப்புப் பாதைக்கு விளக்குப் போட்டார். நன்றாகத்தான் பார்க்கிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை. வருகிற தேர்தலில் எந்தப் பதவிக்கும் நிற்கப்போவதில்லை என்று அருணாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் நம்பினாளா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அலுவலகத்துக்கு நேர்வழி கெங்கம்மாள் வீட்டு வாசல் வழியாகத்தான். சக்கரவர்த்தி தோப்பைச் சுற்றி மேல்பாதையில் போகிறார். சில நாள் அந்த அம்மா வாசலில் இருந்து பார்த்துவிட்டுக் கூப்பிடுவார்: "தம்பி, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போ."

"வர்றேங்க்கா" என்று அங்கிருந்தே சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்துவிடுவார்.