பொன்விழாத் தொட்டியைப் பார்க்கப் போனேன்

லிங்கராஜபுரத்தில் பதினோரு வீடு, ஒரு சர்ச் காம்பவுண்டு, இரண்டு கல்யாண மண்டபம், ஆனேக்கல் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டி. இத்தனையும் கட்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. எனக்குப் பிளான் வாசிக்கத் தெரியாது என்று சிரித்த இன்ஜினியர்களின் சுவர் விரிசல் விட்டது. என் சுவர் நிற்கிறது.

அந்தத் தொட்டிக்குப் புதுக் கல்வெட்டு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்த ஆகஸ்ட் பதினைந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். மார்க்கெட்டில் பஸ் மாறினேன். கண்டக்டர் சீனியர் சலுகை தர வந்தார். முழு டிக்கெட்டே கேட்டு வாங்கினேன். எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்களைத் தாண்டி, சுமார் நாற்பது கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு ஆனேக்கல். அங்கிருந்து தொட்டி இருக்கும் காலனிக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

தொட்டியடியில் முனியம்மாக்கா குடத்தோடு நின்றிருந்தார். கட்டும்போது எங்களுக்குச் சோறு போட்டவர். இவருடைய அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் கொடி பிடித்து ஜெயிலுக்குப் போனவர். சுதந்திரம் வந்தால் வாசலுக்கு வாசல் குழாய் என்று மேடையில் சொன்னதை நம்பியவர். ஐம்பது வருஷம் கழித்து, பொன்விழாவுக்குத்தான் இந்தத் தொட்டியே வந்தது. கட்டி முடித்துப் போன நான் அதற்கப்புறம் இப்போதுதான் திரும்பி வருகிறேன்.

"இன்னிவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகிச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ஒழுகறதுக்கு உள்ள என்னா இருக்குது மேஸ்திரி? பைப்பே இழுக்கலியே."

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டேங்கர் லாரியிலிருந்து ஒரு ஹோஸ், முன்பக்கக் குழாய்க்குப் போயிருந்தது. வருஷா வருஷம் கொடியேற்றத்துக்கு இப்படித்தானாம். விழாவுக்கு வந்த விருந்தாளி கன்னடத்தில் சுதந்திரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசி, மாலை போட்ட குழாயைத் திறந்தார். தண்ணீர் கொட்டியது, கைதட்டினார்கள். பத்துக் குடம் நிறைந்ததும் லாரி கிளம்பிவிட்டது. முனியம்மாக்காவின் குடம் பதினொன்றாவது.

கல்வெட்டில் ஒன்பது பெயர். அதில் என் பெயர் இல்லை. விழாக் கமிட்டிச் செயலாளரிடம் கேட்டேன்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் பெரியவரே" என்றார்.

முனியம்மாக்கா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றினார். "எங்கப்பனுக்கும் இதான் சொன்னாங்க."

வீடு திரும்பிக் கை கழுவக் குழாயைத் திறந்தேன். என் வீட்டில் நாலு குழாய். ஒருவரும் வாக்குக் கொடுக்கவில்லை, நானே போட்டது.

கமிட்டிக்காரர்களுக்குச் சொல்கிறேன். பைப் இழுக்காத ஒன்பது பேருக்கு அந்தக் கல்லில் இடம் இருக்கிறது. அந்தக் காலனியில் சொன்ன வேலையைச் செய்தவன் நான் ஒருவன்தான். பத்தாவது வரியில் செதுக்குங்கள்: கட்டியது, லிங்கராஜபுரம் மேஸ்திரி சின்னப்பன்.