பெயர் எழுதாத கசெட்

எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் ஒரு விளையாட்டைத் திறந்து காட்டுவதற்குள் அம்மா உலையில் அரிசி போட்டு, சோறு வடித்து, எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார். அதுவும் நல்ல நாளில். கெட்ட நாளில் சோறு ஆறிய பிறகும் தொலைக்காட்சித் திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் எல்லாம் நின்று, பிழை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதைக் கொண்டுவந்தவர் கப்பலில் வேலை செய்த மாமா. யுத்தம் தொடங்கிய காலம். திருகோணமலையில் பலர் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டு வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு சாமானோடு வந்து இறங்கினார். "எதிர்காலமெல்லாம் இனி இதுக்குள்ளதான் இருக்கு, அத்தான்" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். கதிரையை விட்டு எழும்பாமலே, "முதல்ல நாளைக்கு எண்டு ஒண்டு இருக்குதோ பாப்பம்" என்றார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அதைக் கொம்பியூட்டர் என்று சொன்னால் சிரிப்பார்கள். தட்டச்சு விசைகள் பதித்த ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். திரைக்குப் பதில் வீட்டுத் தொலைக்காட்சி. விளையாட்டுகள் பாட்டுக் கசெட்டுகளில் பதிந்திருக்கும். கசெட்டை ரேப் ரெக்கோடரில் போட்டு, வயரால் பெட்டியோடு இணைத்து ஓடவிட வேண்டும். கசெட்டிலிருந்து வருவது பாட்டல்ல, காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலி. அந்த ஒலியைத்தான் பெட்டி உள்வாங்கிப் படமாக மாற்றும். மாமா தந்த விளையாட்டில் ஒரு சின்ன மனிதன் ஏணிகளில் ஏறிப் பழம் பறிப்பான். அவனைப் பார்ப்பதற்காக நான் பன்னிரண்டு வயதில் காட்டிய பொறுமையைப் பிறகு வாழ்க்கையில் யாருக்கும் காட்டியதில்லை.

மாமா கப்பலுக்குத் திரும்பிப் போன சில கிழமைகளில் பெட்டி மேலும் மெதுவாகியது. நானே வைத்தியம் பார்க்கத் தொடங்கினேன். காய்ச்சலுக்கு நெற்றியில் தடவும் ஓடிக்கொலோனைப் பஞ்சில் தொட்டு ரேப் ரெக்கோடரின் தலையைத் துடைத்தேன். பின்னேரத்தில் மின்சாரம் பலவீனமாக வருவதால்தான் இப்படி என்று நினைத்து, பள்ளிக்கூடம் போகுமுன் விடியலில் எழும்பிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். கசெட்டை வெயிலில் வைத்தேன். பிறகு யாரோ சொல்லி, குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ரேப் ரெக்கோடரையும் கசெட்டையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ரெக்கோடிங் பாருக்குப் போனேன்.

அது பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. வெற்றுக் கசெட்டைக் கொடுத்து விருப்பமான பாட்டுகளைச் சொன்னால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். உட்துறைமுகப் பக்கம் திரும்பும் சந்தியில் இருந்தது. நடத்தியவர் சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தைச் சேர்ந்த ஓர் அண்ணன். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு தகப்பனின் வள்ளம் கரையில் கிடக்க, இவர் நகரத்துக்கு வந்து கடை போட்டிருந்தார். அப்போதுதான் கல்யாணம் முடித்திருந்தார்.

கசெட்டைப் போட்டதும் கடைக்குள் கீச்சொலி எழும்பியது. வாங்கில் காத்திருந்த ஒரு கிழவர் காதைப் பொத்தினார்.

"என்ன தம்பி, இது உங்கட வாத்தியார் பாடினதோ?"

"கொம்பியூட்டர் விளையாட்டு, அண்ணன்."

"விளையாட்டோ? நாயிட வாலில கதவு நசிச்ச மாதிரியெல்லோ கிடக்கு."

சிரித்தாலும், கைகள் வேலையைத் தொடங்கிவிட்டன. ரேப் ரெக்கோடரைக் கழற்றி உள்ளே பார்த்தார். "பெல்ற் தளர்ந்துபோச்சு. அதுதான் இழுத்து இழுத்து ஓடுது. நீங்கள் அந்தப் பெட்டியை ஏசி வேலையில்லை." புது ரப்பர் வளையம் போட்டார். திரும்பத் திரும்ப ஓட்டி கசெட்டும் தேய்ந்துவிட்டதாம். ஒலியைச் சற்றுத் தூக்கி ஒரு புதுக் கசெட்டில் பதிந்து தந்தார். அது போதாதென்று இன்னொரு பிரதியும் எடுத்தார். "இது இஞ்ச கிடக்கட்டும். உங்கடது அழிஞ்சுபோனா அடிச்சுத் தாறன்."

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. தட்டுகளில் நூற்றுக்கணக்கான கசெட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவருடைய வட்டமான கையெழுத்தில் பெயர் இருக்கும். பெயர் எழுதாமல் எதையும் தட்டில் வைக்க மாட்டார். அன்றும் பேனையை எடுத்தார். நான் தடுத்தேன்.

"எழுத வேண்டாம், அண்ணன்."

"ஏன்?"

"எங்கட வகுப்புப் பொடியள் இஞ்ச வாறவங்கள். கண்டாக் கொப்பி கேப்பாங்கள்."

"நீர் பெரிய முதலாளியா வருவீர்" என்று சொல்லி, பேனையை மூடிக் காதில் செருகிக்கொண்டார். என் கசெட்டைத் தட்டின் கடைசியில் வெறும் முதுகோடு வைத்தார்.

வீட்டுக்கு வந்து போட்டேன். அரிசி கொதிக்கத் தொடங்குமுன்னே பழம் பறிக்கும் மனிதன் திரைக்கு வந்துவிட்டான். அப்பாகூட வந்து பார்த்தார்.

கொஞ்ச நாளில் சந்தைப் பக்கம் ஒரு குண்டு வெடித்தது. மறுநாள் சுற்றிவளைப்பு. கசெட் விற்கும் கடைகளை இராணுவத்தினர் எப்போதும் சோதிப்பார்கள், போராளி இயக்கத்துப் பேச்சும் பாட்டும் இருக்குமென்று. பெயர் எழுதிய கசெட்டுகளை விட்டுவிட்டு, பெயரில்லாததை எடுத்துப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கடையின் ஒலிபெருக்கி வாசலைப் பார்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கீச்சொலி தெரு முழுவதும் கேட்டது.

பின்னேரம் பேக்கரியிலிருந்து சைக்கிளில் பாண் கொண்டுவருபவர் எங்கள் வாசல் படலையில் நின்று சொன்னார்: "சந்தியில பாட்டுக்கடைப் பொடியனைப் பிடிச்சிட்டாங்கள், ஐயா. கசெட்டுக்குள்ள இரகசியக் கோட் அடிச்சு வச்சிருந்தவனாம். கப்பலுக்கு அனுப்புற கோட்."

அப்பா பாணை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. துறைமுகத்துக்குள் போய்வரக் கடற்படை கொடுக்கும் பாஸ் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அது போனால் வேலை போகும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அம்மா கொம்பியூட்டரைத் துவாயில் சுற்றிக் குசினிக்குக் கொண்டுபோய், அரிசிப் பீப்பாவுக்குள் இறக்கி, மேலே அரிசியைக் கொட்டினார். "ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. ஒண்டும் தெரியாது" என்றார் அப்பா.

பொழுது சாயுமுன் இராணுவ ஜீப் வந்தது. பின் இருக்கையில் அந்த அண்ணன் இருந்தார். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன. மற்றபடி முகத்தில் பயத்தைவிட அவசரம்தான் தெரிந்தது, இது ஐந்து நிமிட வேலை, சொன்னால் முடிந்துவிடும் என்பதுபோல.

அதிகாரி முரடன் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். இந்த வீட்டுப் பையனிடம் கொம்பியூட்டர் இருப்பதாக இவர் சொல்கிறார், அதைக் காட்டுங்கள், இந்தக் கசெட்டைப் போட்டுப் படம் வந்தால் இவரை இந்த இடத்திலேயே இறக்கிவிடுகிறேன் என்றார். எனக்கு அந்த ஆங்கிலம் முழுவதும் விளங்கியது. அப்பா, எங்கள் வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் இருக்கிறது என்றார். அதிகாரி என்னைப் பார்த்துக் கொச்சைத் தமிழில் கேட்டார், இவரைத் தெரியுமா என்று.

"தெரியாது."

அண்ணன் ஜீப்பிலிருந்து முன்னால் சாய்ந்தார். "தம்பி, பயப்பிடாமச் சொல்லுங்கோ. ஏணி ஏறுற விளையாட்டு. பெல்ற் மாத்தித் தந்தனான்தானே."

அதிகாரி மறுபடி கேட்டார்.

"இவரை நான் கண்டதே இல்லை."

"டேய்" என்றார் அண்ணன். "உன்ர கசெட்டடா அது. நீதானேயடா பேர் எழுத வேண்டாமெண்டனீ."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் போய்விட்டது.

அப்பா சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் கூறியிருக்கிறேன். பெட்டி அன்றைக்கென்று பழையபடி மெதுவாகி, படம் வராமல் போயிருந்தால் எல்லோரும் மாட்டியிருப்போமே என்றும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெட்டி அப்போது மெதுவாக இல்லை. முதல் தடவையிலேயே படம் வந்துகொண்டிருந்தது. வரச்செய்தவர் ஜீப்பில் இருந்தார். அப்பாவின் வேலையைப் பற்றியும் அந்த நேரத்தில் நான் நினைக்கவில்லை. உண்மை இதுதான்: பெட்டியைக் காட்டினால் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். கொண்டுபோவோம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பயந்தேன். ஏணியில் ஏறுகிறவனை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்பா இதைப்பற்றிப் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பாஸ் அவருடைய பையில் இருந்தது. ஆனால் அன்றுமுதல் அவர் சந்தி வழியாகத் துறைமுகத்துக்குப் போகாமல், சைக்கிளைச் சுற்றுவழியால் மிதித்துக்கொண்டு போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த வழியால் போவது வசதியாக இருந்தது.

அந்த அண்ணன் திரும்பி வரவில்லை. முதலில் ஒரு முகாமில் இருக்கிறார் என்றார்கள். பிறகு வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வள்ளத்தை வைத்திருந்த தகப்பன் கடற்கரையில் இருந்து நகரத்துக்கும், நகரத்தில் இருந்து முகாம் வாசலுக்குமாக நடந்து நடந்து ஓய்ந்துபோனார். கடை பூட்டியபடி கிடந்து, பிறகு அதில் செருப்பு விற்றார்கள்.

சத்தங்கள் சற்று ஓய்ந்ததும் நான் அம்மாவை நச்சரித்துப் பெட்டியை வெளியே எடுக்கவைத்தேன். விசைகளின் இடுக்கிலிருந்து அரிசி மணிகள் உதிர்ந்தன. கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து விளையாடினேன். சந்தோஷமாகத்தான் விளையாடினேன்.

அப்படியொரு காலையில், அப்பா துறைமுகத்துக்குப் போன பிறகு, படலையில் ஒரு பெண் வந்து நின்றார். பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றி அதிக காலமாகாத முகம். அந்த அண்ணனின் மனைவி. ஜீப் எங்கள் வீட்டுக்கு வந்ததை ஊரே அறிந்திருந்தது. நான் அவசரமாகப் பெட்டியின்மேல் படுக்கை விரிப்பைப் போட்டுவிட்டு, அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"உள்ள வாங்கோ" என்று அம்மா சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, நான் சண்டை பிடிக்க வரேல்லை" என்றார். "உங்களைச் சாட்சிக்கும் கூப்பிட வரேல்லை. அதெல்லாம் இனி ஏலாது எண்டு எனக்குத் தெரியும்."

"இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை, பிள்ளை."

"ஓம், அப்பிடித்தான் சொன்னவையாம். ஆனா அவர், கொம்பியூட்டர் எண்டு ஒரு சாமான், இந்த வீட்டுத் தம்பியிட்ட இருக்கு எண்டு சொன்னவராம். அப்பிடி ஒண்டைப் பற்றி என்னட்ட ஒருநாளும் கதைச்சதில்லை. வேலை கூட எண்டு சில நாள் கடையிலயே படுக்கிறவர். இப்ப ஊருக்குள்ள, இரவில இயக்கத்துக்குத்தான் வேலை செய்தவர் எண்டு கண்டபடி கதைக்கினம். என்ர மாமியும் கேக்கிறா, நீ அவனோட இருந்தனீ, உனக்குத் தெரியாதோ எண்டு." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு அது மட்டும் தெரிஞ்சாக் காணும்" என்றார்.

அவர் அம்மாவைத் தாண்டி எட்டி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். அப்பிடி ஒரு சாமான் இருக்கோ, இல்லையோ?"

அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அது என்னை அழுத்தவில்லை. அதையும் நான் நன்றாக நினைவு வைத்திருக்கிறேன். தலையை ஆட்டியிருக்கலாம். வாயைத் திறக்கவேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை.

"இல்லை" என்றேன். "கொம்பியூட்டர் எண்டா என்னெண்டே எனக்குத் தெரியாது."

சிறுபிள்ளை பொய் சொல்லாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் மெல்ல மாறியது. அழவில்லை. "சரி தம்பி" என்றார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, படலையைத் தானே கொளுவிவிட்டுப் போனார்.

அவர் நம்பிவிட்டார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. என்னை நம்பியதால் அவர் யாரை நம்பாமல் போனார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.