அன்வர் பாய் விட்ட பந்து

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டேன். சிரிக்காதீர்கள்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பில்லியர்ட்ஸ் மாதிரி நாங்கள் பூல் ஆட்டம் ஆடும் கிளப். கிளப் போட்டியில் ஜெயிப்பவர் சேலம் போட்டிக்குப் போவார். போன வருடமும் கடைசி ஆட்டத்தில் கோட்டைவிட்டவன் நான். இந்த முறை சேலம் போயே தீருவது என்று வீட்டில் சபதமே போட்டிருந்தேன்.

இந்த முறையும் கடைசி ஆட்டம். எதிரில் அன்வர் பாய். சீட் கவர் கடை வைத்திருப்பவர். மனிதர் தங்கம்... டேபிள் பக்கம் வராதவரை! சுலபமான பந்து ஒன்றைக் கண்ணில் காட்டுவார். ஆசைப்பட்டு அடித்தால் அடுத்த பந்துக்கு வழி இருக்காது. எத்தனை முறை விழுந்திருக்கிறேன்!

அன்றைக்கு எனக்குக் கறுப்புப் பந்து மட்டும்தான் பாக்கி. அது பாக்கெட்டில் விழுந்தால் சேலம். பாய்க்கு ஒரு மஞ்சள், அப்புறம் கறுப்பு. மஞ்சளை அடித்தார்... விட்டுவிட்டார்! கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற பந்து. அதோடு விட்டதா? ஸ்டிக்கால் அடிக்கிற வெள்ளைப் பந்து உருண்டு வந்து கறுப்புக்கு நேர் பின்னால் நின்றது. கறுப்புக்கு நேர் முன்னால் மூலைப் பாக்கெட்.

இப்படி யாராவது விடுவார்களா? அதுவும் பாய்?

நிமிர்ந்து பார்த்தேன். மனிதர் தன் ஸ்டிக்கை இரண்டாகத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். தோற்றுவிட்டேன் என்று எங்கள் கிளப்பில் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஸ்டிக்கைக் கழற்றுவார்கள், அவ்வளவுதான்.

நடிப்பு!

"அடிங்க சார், என்னா யோசன?" என்றார் பாய்.

எதற்கு அவசரப்படுத்துகிறார்? ஆ... பிடிபட்டது. எல்லாம் நேர்கோட்டில். கொஞ்சம் வேகம் கூடினால் கறுப்போடு வெள்ளையும் பாக்கெட்டுக்குள் போகும். போனால் ஆட்டம் அவருக்கு. வெள்ளையை அடிப்பக்கமாகத் தட்டினால் அது அங்கேயே நின்றுவிடும் — எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியுமே? அப்படியென்றால் வேறு ஏதோ இருக்கிறது...

நானா ஏமாறுவேன்? கறுப்பை லேசாக டேபிள் ஓரத்துக் குஷனில் முட்டவிட்டு, அதன் பின்னால் வெள்ளையை ஒளித்து வைத்தேன். இனி மஞ்சளை நேராக அடிக்கவே முடியாது. எப்படி?

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கழற்றிய ஸ்டிக்கைத் திரும்ப மாட்டினார். வெள்ளையை எதிர்க் குஷனில் மோதவிட்டுத் திருப்பினார். மஞ்சள் உள்ளே. அடுத்து கறுப்பும் உள்ளே. சேலம் போயே போச்சு!

டீக்கடையில் கேட்டே விட்டேன். "உண்மையச் சொல்லுங்க பாய். அந்த மஞ்சள எதுக்கு விட்டீங்க?"

"நான் எங்கங்க விட்டேன்? அடிக்கிற நேரம் பாத்து பேன்ட்டுல போன் அதிர்ந்துச்சி. கை ஆடிப்போச்சி. வூட்டுல இருந்துதான்... பால் வாங்கியாரச் சொல்லி. சரி, ஆட்டம் போச்சின்னு ஸ்டிக்கையே கழட்டிட்டேன். நீங்க என்னடான்னா தீர்த்தமலை ஏறுனவராட்டம் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறீங்க!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர் வந்துவிட்டால் போதும். அவர் செய்கிற தப்பைக்கூட நாமே உட்கார்ந்து யோசித்து, திட்டமாக மாற்றிக் கொடுத்துவிடுகிறோம். இனிமேல் மனிதர்களை நம்புவது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

பாய் கைகொடுத்துவிட்டு பைக்கில் கிளம்பினார். பால் கடை வந்தது... நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்.