நான்கு முறை அணைந்த விளக்கு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், நஷ்டமில்லை. ஆனால் பெரியவள் முன்னால் மட்டும் "சும்மா பிரமையா இருக்கும்" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

அவள் பயந்தாங்கொள்ளி இல்லை. அவள் கணவர் பல்லிக்கே வழிவிட்டு நடப்பவர். அதை அடித்து விரட்டுவது இவள் வேலை. பேய் படம் பார்க்கும்போது கொறிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற ரகம்.

அவளுக்குத் தொழில் விளக்குக் கடையில். மேசை விளக்கின் தலையில் கவிழ்க்கிற வெள்ளைத் துணி ஷேடு இருக்கிறதே, அதில் வண்ணம் தீட்டுவாள். வாடிக்கையாளர் வீட்டுத் திரைச்சீலையில் பூ இருந்தால் ஷேடிலும் அதே பூ. சோபாவில் கோடு இருந்தால் ஷேடிலும் கோடு. அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. விளக்கை எரியவிட்டுத்தான் தீட்ட வேண்டும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒருமுறை அணைத்துப் பார்க்க வேண்டும், மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும். அணைந்தபோது அழகாக இருக்கும் பச்சை, எரியும்போது சேற்று நிறமாகத் தெரியும். பதினாறு வருடப் பழக்கம். கை தானாகவே சுவிட்சுக்குப் போகும்.

தங்கை சின்னவள் புது வீட்டுக்குக் குடிவந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூன்றாவது மாடி. எட்டு மாதப் பெண் குழந்தை. குட்டிக்கென்று ஒரு தனி அறை. இளமஞ்சள் சுவர், பச்சை இலை போட்ட தடித்த திரை. தொட்டில் கட்டில் அன்று காலைதான் உள்ளே வந்தது. "அதே இலைய விளக்குலயும் போட்டுக் குடுக்கா" என்று சின்னவள் கொஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெரியவள் வண்ண டப்பாவோடு வந்து இறங்கினாள்.

மணி 2.10. சின்னவளும் மாப்பிள்ளையும் கடைக்குக் கிளம்பினார்கள்.

"குட்டி தூங்குறா. ஒரு மணி நேரத்துல வந்துடுவோம்."

"போடி, போ. உன்னையே நான்தான் வளர்த்தேன்."

பெரியவள் கதவைச் சாத்தி, திரையை இழுத்து மூடினாள். பட்டப்பகலிலும் அறை இருண்டது. முக்காலியில் விளக்கை வைத்து ஏற்றினாள். எதிரே சுவர். சுவரின் இடது ஓரத்தில், அவளிடமிருந்து நாலு எட்டுத் தூரத்தில் கட்டில். குட்டி இரண்டு காலிலும் வெள்ளை சாக்ஸோடு, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள்.

முதல் வரிசை முடிந்தபோது 2.35. ஆறு இலைகள். வண்ணம் எங்காவது மெலிந்திருக்கிறதா என்று பார்க்க ஷேடை மெதுவாகச் சுற்றினாள். துணி மெல்லியது. இலைகளின் நிழல் சுவரில் லேசாக விழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று மட்டும் நகரவில்லை.

கட்டிலுக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி, ஒரு நிழல். ஏதோ கறை என்று நினைத்தாள். இந்தக் காலத்தில் எந்த வீட்டுக்காரன் ஒழுங்காக வெள்ளையடிக்கிறான்! மனசுக்குள் திட்டிவிட்டு, வழக்கம்போல விளக்கை அணைத்தாள். போன் வெளிச்சத்தில் நிறம் பார்த்துவிட்டு அதையும் அணைத்தாள். அப்போது ஒரு சத்தம்.

சர்ர்ர்...

திரை உரசுகிறது என்று விட்டுவிட்டாள். விளக்கை ஏற்றி இரண்டாவது வரிசையைத் தொடங்கினாள்.

2.50. இன்னும் ஐந்து இலைகள் முடிந்திருந்தன. மறுபடி ஷேடைச் சுற்றினாள். பதினோரு நிழல்கள் நகர்ந்தன. பன்னிரண்டாவது நகரவில்லை.

ஆனால்... அது கூரையை ஒட்டி இல்லை. ஒரு முழம் கீழே இருந்தது.

தூரிகை தவறிப் பட்டிருக்குமோ? ஷேடை முழுக்கத் தடவித் தேடினாள். ஒன்றுமில்லை. கறைதானா என்று பார்க்க விளக்கை அணைத்து, போன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்தாள். சுத்தமான மஞ்சள் சுவர். கறையே இல்லை. போனை அணைத்தாள்.

சர்ர்ர்...

இந்தமுறை தெளிவாகக் கேட்டது. திரைப் பக்கமிருந்து வரவில்லை. சுவரிலிருந்து வந்தது.

விளக்கை ஏற்றினாள். நிழல் சுவரின் பாதிக்கு இறங்கியிருந்தது.

அது இலை இல்லை. விரல்கள். ஐந்து. நீளமாக, கீழே பார்த்தபடி.

பெரியவள் தூரிகையைக் கீழே வைத்தாள். இருந்தாலும் பிடிவாதக்காரி. வெளிச்சத்தில் ஏதோ கோளாறு, நிச்சயம் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சோதித்துவிடலாம் என்று மூன்றாவது முறை அணைத்தாள். ஐந்து வரை எண்ணினாள்.

ஒன்று... இரண்டு...

சர்ர்ர்ர்ர்...

...ஐந்து. ஏற்றினாள்.

மணி 3.04. நிழல் கட்டிலின் மேல்கம்பிக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிச்சத்தில் அது அசைவதில்லை. இருட்டில் இறங்குகிறது. மூன்று முறை இருட்டாக்கியது யார்?

அவள்தான். அவளேதான் அதைக் குழந்தையிடம் இறக்கிவிட்டிருக்கிறாள்.

விளக்கு எரிய வேண்டும். அது போதும். எரிந்துகொண்டே இருக்கட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடலாம். எழுந்தாள். நிழலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓர் எட்டு வைத்தாள்.

இரண்டாவது எட்டு.

கதவு கையளவு திறந்தது. சின்னவளின் கை உள்ளே நீண்டது.

"என்னக்கா இது, பட்டப்பகல்ல லைட்டு..."

"அணைக்காதடி!"

டக்.

விளக்கின் வயர் செருகியிருந்த கதவோரத்து சுவிட்சு. இருட்டு.

சர்ர்...

பாய்ந்தாள். கட்டில் கம்பி நெஞ்சில் இடித்தது. துழாவினாள். குழந்தையின் இடுப்பு கையில் கிடைத்தது. தூக்கினாள்.

குழந்தை வரவில்லை.

இன்னொரு பக்கம்... பிடித்திருந்தது.

இழுத்தாள்.

அதுவும் இழுத்தது.

குட்டி வீறிட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பட்டென்று பிடி விட்டது. குழந்தையோடு மல்லாக்க விழுந்தாள்.

டக். விளக்கு எரிந்தது. மணி 3.07.

சுவரில் பதினோரு இலைகள் மட்டும்.

"என்னாச்சுக்கா? ஏன் கத்துன? குழந்தை முதுகெல்லாம் பெயிண்ட பூசி வச்சிருக்க!" சின்னவள் பாதி சிரித்தாள். சிரித்தபடியே குழந்தையை வாங்கினாள். பிறகு, "இன்னொரு சாக்ஸ் எங்க?" என்று கேட்டாள்.

ஒரு காலில் மட்டும் வெள்ளை சாக்ஸ். மறு கால் வெறுங்கால். கணுக்காலைச் சுற்றிச் சிவந்திருந்தது. கட்டிலில் தேடினார்கள், மெத்தையைப் புரட்டினார்கள், கிடைக்கவில்லை. அப்போது ஏதோ கருகுகிற வாடை வந்தது.

மாப்பிள்ளைதான் ஷேடைக் கழற்றினார். உள்ளே, எரியும் பல்புக்கும் கம்பி வளையத்துக்கும் நடுவே அந்தச் சாக்ஸ் தொங்கியது. கட்டிலுக்கும் விளக்குக்கும் நாலு எட்டு. இருட்டாக இருந்தது சில நொடிகள்தான். சின்னவளின் சிரிப்பு அதோடு நின்றது.

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. தூங்குவதற்கு இருக்கவுமில்லை. பெரியவள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மூன்று நாள் கழித்து பெரியவள்தான் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். காரணம் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? வீட்டுச் சொந்தக்காரரும் கேட்கவில்லை. அந்த அறையை எட்டிப் பார்த்துவிட்டு அலுத்துக்கொண்டார்.

"இதுக்கு முன்னாடி இருந்தவங்களும் இந்த ரூமாலதான் காலி பண்ணாங்க. ராத்திரி பகல்னு இல்ல, எப்பவும் லைட்டு எரியணும் அவங்களுக்கு. யாரும் அணைச்சிடக் கூடாதுன்னு சுவிட்சு மேல டேப்பு ஒட்டி வச்சிருந்தாங்க. நான்தான் பிச்சுப் போட்டுட்டு வெள்ளையடிச்சேன்."

பெரியவள் சாவியை நீட்டியபடி கேட்டாள்.

"அவங்களுக்குக் குழந்தை இருந்துச்சா?"

அவர் கதவைப் பூட்டினார்.

"குடிவரும்போது இருந்துச்சும்மா."